பூட்டிய சத்தம்

ஜோர்டானின் அம்மான் நகரத் தொலைக்காட்சி நிலையத்தில் படத்தையும் சத்தத்தையும் நெட்வொர்க்கில் திருப்பிவிடுகிறவள் நான். படம் போகும் இடத்துக்குச் சத்தமும் கூடவே போகும், யாரும் பூட்டாதவரை.

ரமலான் மாதம் பிறந்ததுமே இயக்குநர் வஜ்தி சத்தத்தைத் தன் கடவுச்சொல்லால் பூட்டிக்கொண்டார். "சத்தத்துல கை வச்சே, வீட்டுக்குப் போயிருவே. மாத்திரைன்னு சாக்குச் சொல்லிப் பகல்ல தண்ணி குடிக்கிறவ நீ. உன் கையால நோன்பு திறக்குற பாங்கு போகணுமா?"

அன்று நோன்பு திறக்கும் நேரத்தில் ஊரே பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துத் திரையைப் பார்த்திருந்தது. பள்ளிவாசல் மினாராவின் படத்தைத் திருப்பினேன். பாங்குச் சத்தம் வரவில்லை. ஸ்டுடியோ மைக்கிலேயே பூட்டிக் கிடந்தது. வஜ்தியோ பூட்டை மறந்துவிட்டு, தொகுப்பாளரைத் திட்ட ஸ்டுடியோவுக்குள் போயிருந்தார்.

"உஸ்தாத், பூட்டைத் திறங்க!" என்று அவர் காதுக்கருவியில் கத்தினேன்.

"வாயை மூடுடி, கழுதை!"

அது ஸ்டுடியோ மைக் வழியே ஊருக்கே கேட்டது. படம் மாறியதும் சத்தமும் மாறிவிட்டதென்று நினைத்து, அவர் தொகுப்பாளரின் மேசையில் சாய்ந்துகொண்டார்.

"ஏன்யா மூஞ்சி தொங்குது? பட்டினி கிடக்க உன்னை யார் சொன்னா? நான் மத்தியானமே ஒரு தட்டு மன்சஃப் முடிச்சாச்சு. நோன்பெல்லாம் டிவி பாக்குற இந்த மந்தைக்குத்தான்."

திரையில் மினாராவே பேசுவதுபோல இருந்தது. தொகுப்பாளர் முகம் வெளுத்து மைக்கைக் காட்டினார்.

"சத்தத்தை மாத்துடி!" என்று வஜ்தி அலறினார்.

"அது உங்களோடது, உஸ்தாத். இன்னும் போய்க்கிட்டுத்தான் இருக்கு. மந்தை கேக்குது, பேசுங்க."