இரண்டு கம்ப்ரஸர்கள்

நான்கு மணிக்கு மச்சான் தீர்ப்பைச் சொல்லிவிட்டார். ஆறு மணிக்கு ஸ்டுடியோவைக் காலி செய்ய வேண்டும். அதற்குள் பாட்டுக்கு அடிநாதம் கொடுக்கும் என் பேஸ் கிடார் சரிப்பட்டு வரவில்லை என்றால், அந்தப் பகுதியைப் புரொபசர் கீபோர்டிலேயே வாசித்துவிடுவார்.

"கோவிச்சுக்காத மாப்ள. எனக்குப் பாட்டு நல்லா வரணும், அவ்வளவுதான்."

மச்சான் என் அக்காவைக் கட்டியவர். எங்கள் குழுவில் பாட்டெழுதுவதும் பாடுவதும் அவர்தான். புரொபசர் யாருக்கும் எதையும் கற்றுக்கொடுத்ததில்லை. தடிமனான கண்ணாடி போட்டிருப்பதால் வந்த பேர். மச்சான் சொல்லி முடிப்பதற்குள் அவர் கீபோர்டில் ஒரு பேஸ் சத்தத்தைத் தேடி எடுத்து, அதை நோண்டிப் பார்க்கவும் தொடங்கிவிட்டார்.

குறை என்மேல்தான். நான் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். தங்கியிருப்பது ஆறு பேர் இருக்கும் அறை. ஆளுக்கொரு ஷிப்ட் என்பதால் எந்த நேரமும் இரண்டு பேராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள். அங்கே சத்தமாக வாசித்தால் செருப்பு பறந்து வரும். அதனால் கிடார் உடலின் மேல்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பைத் தாடையில் அழுத்திக்கொண்டு, எலும்பு வழியாகக் கேட்டே மூன்று வருடம் பழகினேன். தடித்த கம்பி தாடைக்குச் சரியாக எட்டாது. அதை ஓங்கி இழுப்பேன். மெல்லிய கம்பி பல்லில் கூசும். அதைத் தடவிக் கொடுப்பேன். கை அப்படியே வளர்ந்துவிட்டது.

"உங்க வாசிப்புல ஒரு சுரம் கதவை உடைக்குது, அடுத்தது கதவுக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்குது," என்றார் சவுண்ட் இன்ஜினியர். சுருக்கமாகப் பேசும் பெண். பிழைகளை மட்டும் நீட்டிச் சொல்வார்.

அதைச் சமாளிக்க அவர் என் கிடார் சத்தத்தைக் கம்ப்ரஸர் வழியாக விட்டிருந்தார். சத்தம் ஓர் அளவைத் தாண்டினால் அந்தப் பெட்டி அதைப் பிடித்து அமுக்கும். அமுக்க அமுக்க முகப்பில் ஒரு முள் கீழே சாயும். என் கைக்கு இவ்வளவு வேண்டும் என்று நன்றாகவே அமுக்கியிருந்தார். முள் கீழே படுத்தே கிடந்தது. சுரங்கள் எல்லாம் ஒரே உயரத்துக்கு வந்துவிட்டன, உயிர் மட்டும் போய்விட்டது.

"காய்ச்சல்காரன் வாசிக்கிற மாதிரி இருக்கு," என்றார் மச்சான். புரொபசரைக் கூட்டிக்கொண்டு நடைபாதையில் இருந்த காபி மெஷினுக்குப் போய்விட்டார்.

என் பையில் ஒரு பழைய பெடல் கிடந்தது. காலால் மிதிக்கிற சின்னக் கம்ப்ரஸர். கிடங்கில் ஒரு பாரத்தை ஒரே வண்டியில் தூக்க முடியவில்லை என்றால் இரண்டு வண்டி போட்டுத் தூக்குவோம். இங்கே மட்டும் ஏன் ஒருத்தனே எல்லாவற்றையும் சுமக்க வேண்டும்?

"மேடம், இதையும் சேர்த்துப் போடுவோமா?"

"ஒண்ணுக்கே மூச்சு முட்டுது. ரெண்டா?"

"ரெண்டும் கொஞ்சம் கொஞ்சமா அமுக்கட்டும். உங்களோடதைப் பாதியாக் குறைச்சிடுங்க."

உதட்டைப் பிதுக்கினார். ஆனாலும் குறைத்தார். கிடாரிலிருந்து முதலில் என் பெடல், அதற்கடுத்து அவருடைய பெட்டி. வாசித்தேன். உயிர் கொஞ்சம் திரும்பியிருந்தது. ஆனால் ஓங்கி ஒரு சுரம் விழுந்ததும் அதற்குப் பின்னால் வந்த மூன்றும் அமுங்கிப்போயின.

"மாப்ள குழியில விழுந்து விழுந்து எந்திரிக்கிறான்," என்று வாசலிலிருந்து காபியோடு மச்சானின் குரல் வந்தது. "மணி அஞ்சு."

தடித்த கம்பியை ஒரே ஒரு தடவை ஓங்கி இழுத்துவிட்டு, கையை எடுத்துப் பெடலைப் பார்த்தேன். அமுக்கும்போது அதில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. ஒரு விநாடிக்குப் பிறகுதான் சோம்பலாக அணைந்தது.

கோளாறு பிடிபட்டது. முரடன் ஒருத்தன் முட்டியதும் கதவைச் சாத்துகிற இந்தப் பெடல் காவல்காரன், உடனே திறக்க மாட்டேன் என்கிறான். பின்னால் வருகிற சாதுக்களும் சேர்ந்து நசுங்குகிறார்கள். இந்த மந்தனை முன்வாசலில் நிறுத்தியது என் தப்பு.

"மேடம், உங்களோடது சட்டுனு பிடிச்சுச் சட்டுனு விடுமா?"

"விடச் சொன்னா விடும்."

"அப்ப அது முன்னாடி வரட்டும். ஓங்கி விழுறதை மட்டும் பிடிச்சா போதும், மத்ததைத் தொடவே வேணாம். என் பெடல் பின்னாடி."

"ஸ்டுடியோ பெட்டிக்குப் பின்னாடி கால்ல மிதிக்கிற பெடலா?" சொல்லிக்கொண்டே கேபிளைத் தேடினார். "பெட்டியிலேர்ந்து வர்ற சத்தத்தை உங்க பெடல் தாங்காது. குறைச்சு அனுப்புறேன். இருங்க."

தரையில் மண்டியிட்டு அவரே மாற்றிக் கொடுத்தார். ஐந்தேகால் ஆகிவிட்டது. ஏற்கெனவே பதிந்திருந்த டிரம்ஸை ஓடவிட்டார்.

முதல் சுரத்திலேயே தெரிந்துவிட்டது. ஓங்கி விழும்போது மட்டும் முள் ஒரு துள்ளு துள்ளி நிமிர்ந்தது. பெடலின் விளக்கு இப்போது வெறி பிடித்து எரியவில்லை, மங்கலாக ஏறி இறங்கியது. தடித்த கம்பி நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. மெல்லிய கம்பியில் விரல் வழுக்குவதுகூடக் கேட்டது. டிரம்ஸின் அடியும் என் அடியும் ஒரே காலில் நடந்தன. இத்தனை வருடம் தாடைக்குள் மட்டும் ஓடிய சத்தம் அறை முழுக்க நின்றது. சிரிப்பை அடக்கக் கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டு கடைசி வரை வாசித்தேன்.

மச்சான் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"பேஸை மட்டும் போடுங்க."

போட்டார்.

"இப்ப என் குரலோட."

போட்டார். மச்சானின் முகம் சுருங்கியது.

"என்ன மச்சான்?"

"இந்த பேஸோட சேர்த்துக் கேட்டா நான் பாடினது தூங்கி வழியுதுடா. பாடுறவன் பேஸுக்குப் பின்னாடி ஓடுற மாதிரி இருக்கு. மேடம், நான் திரும்பப் பாடணும்."

"இருபத்தஞ்சு நிமிஷம்தான் இருக்கு."

"பாட்டு நாலு நிமிஷம்தானே."

புரொபசர் கண்ணாடியைத் துடைத்தார். "அப்ப நான் எடுத்து வச்ச பேஸ்?"

"அதை மூடி வைய்யா. உன் கீபோர்டை வாசி."

மச்சான் பாடும் அறைக்குள் பாய்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஸ்பீக்கர் வழியே குரல் வந்தது.

"மாப்ள, எனக்கும் ரெண்டு கம்ப்ரஸர் போடச் சொல்லேன்."

"அவர் முதல்ல மைக்கை விட்டு விலகி விலகி ஆடாம நிக்கட்டும், குரல் தானா சமமா வரும்," என்றார் இன்ஜினியர், ஓட்டும் பட்டனில் விரலை வைத்தபடி.