பின்னாலிருந்து பதினாலு

என் மாமியார் வெள்ளத்தாயைக் கேட்டால், மூன்று வருஷத்தில் நான் ஏழு தடவை மாசமாக இருந்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் பத்தே நாள்.

என் புருஷன் சிவபாண்டி ராணுவத்தில் இருக்கிறார். அவர் லீவில் வந்துபோன பிறகு தூரமான தேதியிலிருந்து இருபத்தெட்டாம் நாள் தாண்டினால் போதும், "தள்ளிப் போயிருக்கு, தள்ளிப் போயிருக்கு" என்று சேத்தூரில் எங்கள் தெருவையே எழுப்பிவிடுவார் அத்தை. வீட்டுக்குள் பப்பாளி நுழையக்கூடாது. நான் தண்ணிக்குடம் தூக்கக்கூடாது. முப்பத்தெட்டாம் நாள் எனக்கு வந்துவிடும், குடம் என் இடுப்புக்கே திரும்பும். நானும் அந்தப் பத்து நாளும் வெட்கமில்லாமல் நம்புவேன். பிறகு பாத்ரூமில் பைப்பைத் திறந்துவிட்டு அழுவேன்.

கோளாறு சிவபாண்டியின் செல்போனில் இருந்தது. தூரமான முதல் நாளிலிருந்து பதினாலாம் நாள் கருமுட்டை வெளியே வரும், வந்தால் ஒரு நாள்தான் உயிரோடு இருக்கும் என்று அதில் எங்கோ படித்து மனப்பாடம் செய்து வைத்திருந்தார். பதினாலு நடுவில் விழுகிற மாதிரி ஒரு மாதம் முன்பே லீவு எழுதிக் கொடுப்பார். பதினாறாம் நாள் பெட்டியைக் கட்டிவிடுவார். ஏழு லீவிலும் ஒரு நாள் பிசகவில்லை. அந்த ஒழுங்கை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேன். நாள் முழுக்க வெள்ளைத் துணியில் இழை விட்ட இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. அந்தக் கண்ணால் என்னையே கவனிக்க ஆரம்பித்தேன். பதினாலாம் நாள் ஒன்றும் இல்லை. இருபத்திரண்டு, இருபத்துமூன்றில்தான் முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வழவழவென்று படும். மூன்று மாதச் சுற்றிலும் அப்படியே. ஸ்ரீவில்லிபுத்தூரில் டாக்டர் கேத்ரினிடம் போய்க் கேட்டேன். என்னைவிடச் சின்னப் பெண்.

"இருவத்தெட்டு நாளுக்கு ஒருக்க வாரவங்களுக்குத்தான் பதினாலு," என்றார். "முட்டை முத்தி வெளிய வாரதுக்கு ஆகுற நாளு ஆளுக்கு ஆள் மாறும். வந்த பொறவு, அடுத்த தூரம் வரைக்கும் அநேகமா பதினாலு நாளுதான். நீங்க பின்னாலருந்து எண்ணணும்."

முப்பத்தெட்டில் பதினாலு போனால் இருபத்துநாலு. அன்று சாயங்காலமே சிவபாண்டியைப் போனில் பிடித்துக்கொண்டேன்.

"மாமா, இராஜபாளையத்துல ஏறுனா ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அரை மணி நேரம். அது மாறாது. ஆனா பஸ்சு எப்ப வரும்னு யாருக்காச்சும் தெரியுமா? எனக்கு இருவத்திநாலாம் நாளுதான் வருது. நீங்க பதினாறுலயே ஸ்டாண்டை விட்டுக் கெளம்பிப் போயிருதீக."

"ஏழு லீவு போச்சே, வெங்கடேஸ்வரி," என்றார் பாவமாக. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த அத்தை, "பஸ்சாம் பஸ்சு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எட்டாவது லீவுக்கு இருபதாம் நாள் வந்து இறங்கினார். அவர் போன பிறகு, இருபத்தெட்டு தாண்டியதும் அத்தை வழக்கம்போல் பப்பாளிக்குத் தடை போட்டார். நான் கண்டுகொள்ளாமல் குடத்தைத் தூக்கினேன். முப்பத்தெட்டு போனது. நாற்பது போனது. நாற்பத்தோராம் நாள் காலையில் டெஸ்ட் பண்ணினேன், இரண்டு கோடு. குடத்தை நானே கொண்டுபோய் அத்தையிடம் கொடுத்தேன்.

நாற்பத்தாறாம் நாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஸ்கேன். அத்தை முன்கூட்டியே பால்கோவா வாங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஸ்கேன் பார்த்தது கேத்ரின் இல்லை, வேறொரு ஆண் டாக்டர். கடைசியாகத் தூரமான தேதியைக் கேட்டு எழுதினார்.

"ஆறரை வாரம் ஆச்சு. இந்நேரம் துடிப்பு தெரியணும். கரு வளருற பை மட்டும்தான்... அதுக்குள்ள ஒரு சின்னப் பை தெரியுது, அவ்வளவுதான். வளராமக்கூட இருக்கலாம்மா."

அத்தை பால்கோவாவைக் கூடைக்குள் மறைத்தார். எனக்கோ அந்தக் கணக்கில் இழை விட்ட இடம் கண்ணில் பட்டுவிட்டது.

"ஆறரை இல்ல சார், அஞ்சு," என்றேன். "நீங்களும் பதினாலாம் நாளு வச்சுத்தான் எண்ணுதீங்க. பதினாலாம் நாளு எங்க வீட்டுக்காரரு ஊருலயே இல்ல. எனக்கு முட்டை வந்ததே இருவத்திநாலுலதான்."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "நிச்சயமாவா?"

"அவுக வந்த ரயில் டிக்கெட்டு இருக்கு சார்."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அஞ்சு வாரம்னா இது சரியாத்தான் இருக்கு. பன்னெண்டு நாள் கழிச்சு வாங்க, பாத்துருவோம்."

அந்தப் பன்னிரண்டு நாளும் வீறாப்பாகத்தான் திரிந்தேன். ஆனால் என் எண்ணிக்கை சரியாக இருந்தால் மட்டும் போதாது, பிள்ளை இருக்கணுமே. அத்தையே தண்ணி பிடித்து வைத்தார். தெருவில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஐம்பத்தெட்டாம் நாள். இந்தத் தடவை பால்கோவா வாங்கவில்லை. டாக்டர் வெகு நேரம் பார்த்துவிட்டுத் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். கறுப்புக்கு நடுவில் கடலைப்பருப்பு அளவுக்கு ஒரு வெள்ளை. அதற்குள் விடாமல் ஒரு மினுமினுப்பு.

"அதுதான் இதயம்," என்றார். "நல்லாத் துடிக்குது. நிமிசத்துக்கு நூத்திமுப்பது."

நான் வாய்விட்டு அழுதேன். பைப்பைத் திறந்துவிடத் தேவையில்லாத அழுகை.

அத்தை திரையோடு ஒட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். "ஏன் சார் இம்புட்டு வேகம்?" என்று கேட்டார். டாக்டர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவரே என் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பஸ்சு லேட்டா வந்துச்சுல்லா, ஏட்டி. அதான் எம்பேரப்புள்ள ஓடி வருது."