பதினோரு மணிக் கட்டம்

தீவிர சிகிச்சைப் பிரிவில் அந்த நர்ஸுக்கு 'மணிக்கூண்டு' என்று பட்டப்பெயர். மணிக்கு மணி டார்ச்சும் கையுமாக வந்து நின்றுவிடுவாள். இமையைப் பிரித்து, ஓரத்திலிருந்து வெளிச்சத்தைக் கொண்டுவந்து, கண்பாவை எத்தனை மில்லிமீட்டர், வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா என்று பார்த்துத் தாளில் எழுதுவாள். கேலி செய்தவர்களும் தங்கள் வீட்டு ஆள் வந்து படுத்தால் அவளைத்தான் தேடுவார்கள்.

ஏணியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட எலக்ட்ரீஷியன் ஐந்தாம் கட்டிலில் கிடந்தார். பத்து மணிக்கு இரண்டு பாவையும் மூன்று, உடனே சுருங்கின. பதினோரு மணிக்கு அவள் டார்ச்சை எடுக்கவும் நான்காம் கட்டில்காரர் தன் வாயில் செருகியிருந்த சுவாசக் குழாயைப் பிடுங்கிப் போடவும் சரியாக இருந்தது. அவரோடு மல்லுக்கட்டிவிட்டுத் திரும்பியபோது பதினொன்றரை. தாளில் பதினோரு மணிக் கட்டம் காலியாக இருந்தது. பத்து வருஷத்தில் ஒரு கட்டத்தைக்கூட அவள் காலியாக விட்டதில்லை. அந்தப் பாழாய்ப்போன பெருமைதான் கெடுத்தது. மேல் வரியைப் பார்த்து அப்படியே எழுதினாள்: மூன்று, சுருங்குகிறது. இன்னும் அரைமணியில் எப்படியும் பார்க்கத்தானே போகிறோம் என்று மருந்து கலக்கப் போனாள்.

பன்னிரண்டு மணிக்கு வெளிச்சம் அடித்தாள். வலது பாவை ஆறு. அசையவே இல்லை. மண்டைக்குள் ஏதோ மூளையை அழுத்துகிறது என்று அர்த்தம். டாக்டரைக் கூப்பிட்டாள்.

ஓடிவந்த டாக்டர் தாளைப் பார்த்தார். "பதினொண்ணு வரைக்கும் நல்லாத்தான் இருந்திருக்கு. தள்ளுங்க, ஆபரேஷன் தியேட்டருக்கு!"

அவள் கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

மண்டையைத் திறந்தும் பலனில்லை. உள்ளே கசிந்த ரத்தம் மூளையை நெடுநேரம் அழுத்தியிருந்தது. சாயங்காலம் எலக்ட்ரீஷியனின் மனைவியிடம் டாக்டர் சொன்னார்: "ஒரு மணி நேரத்துக்குள்ள கண்டுபிடிச்சிட்டோம்மா. அதுக்கு மேல யாராலயும் முடியாது."

மறுநாள் இரண்டு பாவையும் ஆறு. நர்ஸ் அப்போதும் மணி தவறாமல் வந்து பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் மனைவி எழுந்து நின்று, டார்ச்சையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கூடப்பொறந்தவ கூட இப்படிப் பாக்க மாட்டா, சிஸ்டர்."

அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. "அக்கா, நேத்து பதினோரு மணிக்கு நான் பாக்கவே இல்ல. பாத்ததா எழுதிட்டேன். அப்பவே பாத்திருந்தா..."

மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு தடவதானே விட்டுப்போச்சு? அதான் பன்னெண்டு மணிக்குப் பாத்துட்டீங்களே. எதுக்கு அழறீங்க? இப்ப அடிச்சுப் பாருங்க, சுருங்கும்."

அடித்துப் பார்த்தாள். வலது ஆறு, அசைவில்லை. இடது ஆறு, அசைவில்லை. மதியம் ஒரு மணிக் கட்டத்தில் அதை உள்ளபடியே எழுதினாள்.

"என்ன சிஸ்டர், கொஞ்சமாவது?" என்றாள் மனைவி.