கடல் பக்கம் ஒரு சாண்

ஊர்காவற்றுறைத் தபாற்கந்தோரில் முத்திரை விற்கிற அன்னபூரணத்துக்குக் கூடைப்பந்தில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. மீதிச் சில்லறையைக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவேன். கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்துக்கு நானும் ஒரு காலத்தில் விளையாடியவள்தான். பத்தொன்பது வருடமாக அந்தப் பிள்ளைகளின் ஆட்டம் ஒன்றையும் நான் தவறவிட்டதில்லை. கலியாணம் கட்டியிருந்தால் விட்டிருப்பேனோ என்னவோ.

ஆட்டம் பார்க்கப் போகும்போது கந்தோரில் பழுதான தந்திப் படிவங்களை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போவேன். அவற்றின் பின்பக்கத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வட்டம் போடுவேன். வட்டம்தான் வளையம். பந்து விழுந்தால் உள்ளே ஒரு கீறு. விழாவிட்டால், எந்தப் பக்கத்தில் பட்டுத் தெறித்ததோ அந்தப் பக்கத்தில் ஒரு புள்ளி. இந்தப் பழக்கத்தை யாரும் எனக்குப் படிப்பிக்கவில்லை. வாயால் சொல்வதற்குக் கையில் ஆதாரம் வேண்டும் என்று நானே தொடங்கியது. ஆதாரம் கையில் இருந்தும் வாய் என்ன செய்தது என்பதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

எழுபத்துநாலாம் ஆண்டு ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை, யாழ்ப்பாணத்தில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தின் உள்முற்றத்தில் ஆட்டம். மூன்று பக்கமும் மாடிக் கட்டடம், மற்றப் பக்கம் வேப்பமரங்கள். இருபத்திரண்டுக்குப் பதினாலு என்று தோற்றோம். நாற்பத்தொரு தரம் வளையத்துக்கு எறிந்து ஏழே ஏழு விழுந்தது. 

கடைசி பஸ்சில் முன் சீற்றில் ஏறி இருந்தேன். பஸ்சில் நிற்க இடமில்லாத சனம். பண்ணைப் பாலம் தாண்டவில்லை, கொண்டக்டர் தம்பிராசா தொடங்கிவிட்டான்.

“என்னக்கா, முகம் ஒரு முழம் நீண்டு கிடக்கு. பிள்ளையள் கவிழ்த்துப்போட்டுதுகளோ?”

அவன் கேட்டது பகிடிக்குத்தான். நான் படிவத்தை விரித்துவிட்டேன்.

“கேள் தம்பி. எங்கடை பிள்ளையளுக்குப் பந்தை மறிக்கத் தெரியும், கொண்டுபோய்ப் போடத் தெரியாது. தங்கடை வளையத்துக்குக் கீழை பந்தை எடுத்தால் உடனை ஓடவேணும். இதுகள் மாடு மாதிரி நிண்டு ஆளையாள் பாக்குதுகள். மற்றவள் வந்து சேரமுதல் போய்ப் போட்டால் எல்லோ புள்ளி?”

“ரெண்டு கம்பம் இருந்தால் எல்லோ அக்கா ஓடிப் பழகுறது?”

அதில் உண்மை இருந்தது. எங்கள் திடல் கடற்கரை மதிலோடு ஒட்டினது. தெற்குப் பக்கத்துக் கம்பம் உப்புக்காற்றில் துருப்பிடித்து மூன்று வருடத்துக்கு முன்னர் விழுந்தது. பிறகு யாரும் நிமிர்த்தவில்லை. பிள்ளைகள் வடக்குக் கம்பம் ஒன்றை வைத்துக்கொண்டு பாதித் திடலில்தான் பழகினார்கள்.

“சரி, ஓடத்தான் தெரியாது. எறியத் தெரியவேண்டாமோ?” என்றேன். “கிறிஸ்தோப்பரின்ரை மகள் ஜசிந்தாவைப் பார். அவளை நம்பித்தானே எல்லாரும் பந்தைக் குடுக்கிறது. ஒன்பது எறிஞ்சாள், ஏழு பிழை. ஏழும் இடப்பக்கம். கை கோணல் எண்டால் எறியக்கூடாது. பிறகு ரெண்டாம் பாதியிலை பந்தை வைச்சுக்கொண்டு தேர் பாக்கிற மாதிரி நிண்டு பாக்கிறாள். பயம். வேறை என்ன?”

“கடைசியிலை ரெண்டு போட்டவளாமே, ஆட்டம் பாத்த சனம் சொல்லுது?”

“குருட்டு வாக்கு.”

“யாழ்ப்பாணம் ரவுண் திடல் பழக்கமில்லை எண்டு பிள்ளையள் எப்பவும் சொல்லுதுகள் அக்கா.”

“ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம்,” என்றேன். பஸ் முழுக்கச் சிரித்தது. எனக்கு அது பிடித்திருந்தது. அல்லைப்பிட்டி கழிய, வேலணை கழிய, நான் சுருவிலுக்கு இறங்கும்வரை பேசிக்கொண்டே வந்தேன். மாக்கிறேற் நாலு எறிந்து இரண்டு போட்டாள், தெரிவுக்கு அனுப்புவதென்றால் அவளைத்தான் அனுப்பவேண்டும் என்பதையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் இறங்கினேன்.

அந்தத் தெரிவு என்னவென்று சொல்லவேண்டும். அடுத்த சனிக்கிழமை மாவட்ட அணிக்குப் பிள்ளைகளைப் பொறுக்குகிறார்கள். ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு பேர்தான் போகலாம். அணித்தலைவியின் பெயர் முதலே முடிவு. மற்ற இடத்துக்கு ஜசிந்தாவா மாக்கிறேற்றா என்பதுதான் கேள்வி. மாக்கிறேற்றுக்கு அது ஒரு விளையாட்டு. ஜசிந்தாவுக்கு அப்படியில்லை. அவள் சோதினையில் இரண்டு தரம் கோட்டைவிட்டவள். தகப்பன் கிறிஸ்தோப்பர் கடலுக்குப் போகிறவர். அவர் மடத்து வாசலில் நின்று, பிள்ளைகளைப் பழக்குகிற சிஸ்டரிடம் ஒரே ஒரு சொல்தான் சொன்னார்: மாவட்டத்துக்குப் பெயர் போனால் மகள் படிக்கட்டும், விளையாட்டு ரீச்சராக வரட்டும், போகாவிட்டால் மன்னாரிலிருந்து கேட்டு வந்த மாப்பிள்ளைக்கு ஓமென்று சொல்லப்போகிறார். இது ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் பஸ்சில் அப்படிப் பேசினேன்.

திங்கட்கிழமை காலை சிஸ்டர் பதிவுத்தபாலில் போடவேண்டிய கடிதத்தோடு வந்தார்.

“பெயர் ரெண்டும் இதுக்குள்ளை, அன்னபூரணம். மாக்கிறேற்றைத்தான் போட்டனான். நீர் எண்ணிக் கணக்கு வைக்கிற ஆள், உம்மடை கண் பிழைக்காது.”

எனக்கு உச்சி குளிர்ந்தது. சும்மா ஏன் பொய் சொல்லவேண்டும்? கடிதத்தின் மேல் முத்திரையை ஓங்கிக் குத்தினேன். மூன்று மணி பஸ்சில் தபாற்பை போனது.

நாலரைக்குக் கந்தோர் பூட்டியதும் திடல் பக்கம் போனேன். சோளகக் காற்று கடல் பக்கத்திலிருந்து பிய்த்துக்கொண்டு அடித்தது. மதிலோரம் நின்ற சிஸ்டர் முக்காட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் மாக்கிறேற்றுக்குப் பந்து கொடுத்துப் பழக்கிக்கொண்டிருந்தார்கள். ஜசிந்தா எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று, ஓடிப்போகிற பந்தைப் பொறுக்கிக் கொடுத்தாள். அவளுக்குக் காலையிலேயே சொல்லியாகிவிட்டது.

ஒரு பந்து அவளிடம் உருண்டு வந்தது. எடுத்தவள் நின்ற இடத்திலிருந்தே, இருபது அடி தூரம் இருக்கும், வளையத்துக்கு எறிந்தாள். பந்து வளையத்தைப் பார்த்துப் போகவில்லை. இடப்பக்கம், கடல் பக்கம், நன்றாக ஒரு சாண் விலகிப் போனது. “பாத்தியோ கையை,” என்று மனதுக்குள் சொன்னேன். சொல்லி முடியவில்லை, சோளகம் அதைத் தள்ளிக்கொண்டுவந்து வளையத்துக்குள் இறக்கியது.

பிறகு மற்றவர்கள் எறிவதைப் பார்த்தேன். ஒருத்தி விடாமல் எல்லாரும் கடல் பக்கம் ஒரு சாண் விலத்தித்தான் எறிந்தார்கள். காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. ஒற்றைக் கம்பத்தில், ஒரே காற்றில், மூன்று சோளகம் பழகிய கைகள். நாங்கள் விளையாடிய காலத்தில் இரண்டு கம்பம் நின்றது. பாதி நேரம் கடல் இடப்பக்கம், பாதி நேரம் வலப்பக்கம். ஆனபடியால் எங்கள் கை ஒரு பக்கம் சாயவில்லை, எனக்கும் அது தெரியாமல் போனது.

கைப்பையைத் திறந்து படிவத்தை எடுத்தேன். காற்றில் படபடத்ததை மதிலோடு வைத்து அமத்திப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். பிழைத்தது முப்பத்துநாலு. அதில் முப்பது இடப்பக்கம். ஜசிந்தாவின் வட்டத்தில் மட்டுமல்ல, எல்லாப் பிள்ளைகளின் வட்டத்திலும். மாக்கிறேற் போட்ட இரண்டும் வளையத்துக்கு நேர் கீழே நின்று பலகையில் தட்டிப் போட்டவை. காற்று இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன. எல்லாம் என் கையால் குறித்ததுதான். கூடம் கோணலாகத்தான் இருந்திருக்கிறது. கண்டிருக்க வேண்டியவள் நான்.

ஜசிந்தாவின் வட்டத்தைத் திரும்பப் பார்த்தேன். ஏழு புள்ளிக்குப் பிறகு இரண்டு கீறு. அந்தக் கோணல் கையைத் திருத்திக்கொண்டவள் ஐந்து பேரிலும் அவள் ஒருத்திதான்.  மதிலில் இருந்துவிட்டேன்.

இரவு முழுக்க நித்திரை இல்லை. செவ்வாய் விடிய மடத்துக்குப் போய்ச் சிஸ்டருக்கு முன்னால் படிவத்தை விரித்து, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டுப் பார்த்தார்.

“நான் ஜசிந்தாவின்ரை பெயரைத்தான் முதல் எழுதினனான்,” என்றார். “நீர் பஸ்சிலை சொன்னது ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு முதலே என்ரை காதுக்கு வந்திட்டுது. அதுக்குப் பிறகுதான் வெட்டி எழுதினனான்.”

“ஒரு தந்தி அடியுங்கோ சிஸ்டர். மாக்கிறேற்றிட்டை நான் காலிலை விழுந்து கேக்கிறன்.”

“மாக்கிறேற் விடுவாள், நல்ல பிள்ளை. அங்கை விடுவினமோ தெரியாது.”

தந்தியைத் தொலைபேசியில் யாழ்ப்பாணத்துக்கு எழுத்தெழுத்தாகச் சொன்னவள் நான்தான். ஜசிந்தா என்ற பெயரை இரண்டு தரம் சொன்னேன், பிழைத்துவிடக்கூடாது என்று. அன்று முழுக்க ஒவ்வொரு மணி அடிப்புக்கும் ஓடிப்போய் எடுத்தேன். ஒருவருக்கு மாறிச் சில்லறை கொடுத்து ஏச்சும் வாங்கினேன்.

புதன்கிழமை பத்து மணிக்குப் பதில் வந்தது. அதையும் நான்தான் பென்சிலால் எழுதி எடுத்தேன். பட்டியல் முடிந்துவிட்டது, இனிப் பெயர் மாற்ற ஏலாது. அவ்வளவுதான்.

சிஸ்டரிடம் அதைக் கொடுத்துவிட்டுப் பின்னேரம் கிறிஸ்தோப்பர் வீட்டுக்குப் போனேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. போகாமல் இருக்க முடியவில்லை. அவர் முற்றத்து மணலில் இருந்து கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். ஜசிந்தா பக்கத்தில் இருந்து வலையூசியில் நைலோன் நூலைச் சுற்றிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துக்கு அவள் செவ்வாயும் போகவில்லை, புதனும் போகவில்லை.

“வாரும் பிள்ளை,” என்றார் கிறிஸ்தோப்பர். “கதிரை எடுத்து வா, ஜசிந்தா.”

“வேண்டாம் அண்ணை. நான் ஒரு பிழை விட்டிட்டன். அதைச் சொல்லத்தான் வந்தனான்.”

சொன்னேன். காற்று, கம்பம், புள்ளி, தந்தி எல்லாம் சொன்னேன். அவர் குனிந்தபடியே கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, “நீர் கண்டதைத்தானே சொன்னனீர்,” என்றார். “மன்னாருக்கும் நான் ஓமெண்டு கடிதம் போட்டிட்டன். செவ்வாய்க்கிழமை உம்மடை பெட்டியிலைதான் போட்டனான்.”

அவர் ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

படிவத்தை ஜசிந்தாவிடம் நீட்டினேன். கையில் இருந்த நூலை விடாமலே எட்டிப் பார்த்தாள். ஏழு புள்ளியையும் இரண்டு கீற்றையும் நீண்ட நேரம் பார்த்தாள்.

“இந்தக் கடைசி ரெண்டும் எப்பிடிப் பிள்ளை போட்டனி?” என்று கேட்டேன்.

“ரவுணிலை காத்தில்லை எண்டு கண்டனான் அக்கா. வேப்பமரத்திலை இலை ஆடேல்லை. பந்தை வைச்சுக்கொண்டு அதைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான். பிறகு நேரை எறிஞ்சன், விழுந்தது. திருப்பியும் எறிஞ்சன், விழுந்தது.”

“அப்ப ஏன் அதைச் சிஸ்டரிட்டைச் சொல்லேல்லை? வாய் இல்லையோ உனக்கு?” கேட்கும்போதே குரல் உயர்ந்துவிட்டது. என் குணம் அப்போதும் போகவில்லை.

அவள் ஊசியைத் திருப்பி நூலை இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றினாள்.

“சொல்லத்தான் இருந்தனான். அண்டைக்கு அப்பாவுக்கு இந்த நூல் வாங்கக் கடைக்குப் போனதாலை பிள்ளையளோடை பள்ளிக்கூட வானுக்குள்ளை வரேல்லை. நானும் அந்தக் கடைசி பஸ்சிலைதான் வந்தனான் அக்கா. பின் சீற்றிலை இருந்தனான். நீங்கள் விளையாடின ஆள், எண்ணிக் கணக்கு வைச்ச ஆள். நீங்கள் குருட்டு வாக்கு எண்டு சொல்ல, நானும் அப்பிடித்தானாக்கும் எண்டு நினைச்சிட்டன்.”

 பஸ்சில் சிரித்த சனத்தின் சத்தம் மட்டும் காதுக்குள் கேட்டது. அதற்குள் அவளும் இருந்திருக்கிறாள்.

“நூல் முடிஞ்சுது, இதையும் சுத்து பிள்ளை,” என்று கிறிஸ்தோப்பர் வெறும் ஊசியை அவள் பக்கம் எறிந்தார். காற்று அதைத் தள்ளிக்கொண்டு போனது. அவள் தலை நிமிராமலே கையை ஒரு சாண் தள்ளி வைத்துப் பிடித்தாள்.