பதினான்காம் எண்ணின் நாடி

தேர்வு மையத்தின் பதினான்காம் எண் கணினிக்கு நாடி நிமிடத்துக்கு எழுபத்திரண்டு. அதை முதலில் எண்ணியவள், வலது மணிக்கட்டில் தீராத வலியுள்ள ஒரு வார்டு உதவியாள். பத்தொன்பது வருடம் வாளியும் ஆளும் தூக்கிய கை. பேனா பிடித்தால் முக்கால் மணி நேரத்தில் மரக்கட்டை. ஆன்லைனில் நர்சிங் சேர்ந்து, ஆஸ்பத்திரித் துணிக்கிடங்கில் சோப்புப் பெட்டிமேல் சாய்த்த போனில் பாடம் கேட்டு, எல்லாம் தெரிந்தும், விடைத்தாள் பாதியில் நின்று இரண்டு முறை தோற்றாள். மூன்றாவதும் போனால் பெயரை அடித்துவிடுவார்கள், சாகும்வரை வாளிதான். அந்த வருடம்தான் தேர்வைக் கணினிக்கு மாற்றினார்கள். சரியான விடைமேல் தட்டினால் போதும் என்று கேட்டதும் அவள் விட்ட பெருமூச்சில் மடித்து வைத்த படுக்கை விரிப்புகள் அத்தனையும் பிரிந்தன. மறுபடி மடிக்க ஒரு மணி நேரம் பிடித்தது.

மவுஸ் பழக்கமில்லாதவள், நோயாளியின் மணிக்கட்டைப் போல அதை மூன்று விரலால் பிடித்தாள். துடித்தது. பாடத்தில் சொன்னபடி சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுசாக எண்ணிவிட்டுத்தான் முதல் கேள்விக்குப் போனாள். நாற்பத்தொன்றாம் கேள்வி வரும் முன்பே திரை உறைந்தது. நாடி முப்பத்தெட்டுக்கு இறங்கியது. மேசைக்கடியில் நின்ற கணினிப் பெட்டியைத் தரையில் படுக்கவைத்து, கால்மாட்டுக்குத் தன் செருப்புகளை முட்டுக் கொடுத்து உயர்த்தினாள்.

"ஏம்மா, அதத் தொடக்கூடாது!" கண்காணிப்பாளர் ஓடிவந்தார். "வெளிய அனுப்பிடுவேன், ஆமா."

"மயங்கிக் கிடக்குது சார். கைய வச்சுப் பாருங்க."

வைத்தார். குரல் இறங்கியது. "ஆமாம்மா... இப்ப என்ன பண்றது?"

"தள்ளி நில்லுங்க. காத்து வரட்டும்."

நாலு நிமிடத்தில் நாடி எழுபதைத் தொட்டது; திரையும் விழித்தது. மயங்கியவருக்கு முதலில் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் நாற்பத்தொன்றாம் கேள்வி. அதற்கு அவள் யோசிக்கவேயில்லை.

தேறினாள். இப்போது அந்த மையத்து வருகைப் பதிவேட்டில் கணினி எண்ணுக்குப் பக்கத்தில் நாடிக்கு ஒரு கட்டம் உண்டு. ஏனென்று யாரும் கேட்பதில்லை. அவள் அதே வார்டில் நர்சின் வெள்ளை உடுப்பில் நிற்கிறாள். வலி போகவில்லை, வாளி போயிற்று. படிப்புக்காக அவள் வராத மூன்று ஞாயிறுகளில் அவள் பங்குத் தரையையும் துடைத்தவள் கூட வேலை பார்த்த வாயாடி அக்கா.

"நர்ஸம்மா ஆனதும் தரை மறந்துபோச்சோ?" என்று தினமும் குத்துவாள்.

வெள்ளை உடுப்பை மடித்து வைத்துவிட்டு, அக்கா பங்குத் தரையை இவள் ஒரு ஞாயிறு துடைத்துக் கொடுத்தாயிற்று. இன்னும் இரண்டு ஞாயிறு பாக்கி.