இக்கடிதம் ஒரு மனிதரால் எழுதப்பட்டது

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயத்திலிருந்து வந்தது. வரும் திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு நான் ஓர் அறையில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆமாம் என்றாலும் தொலைந்தேன், இல்லை என்றாலும் தொலைந்தேன். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதனால் கதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் தொடக்கம்: அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழைகளுக்குள் காலம் உறைந்து

[இதற்கு மேல் போக வெட்கமாக இருக்கிறது.]

இரண்டாவது தொடக்கம்: செயற்கை நுண்ணறிவு பண்பாட்டு நிறுவனங்களின் வேலைவாய்ப்புகளை எவ்வாறு

[கருத்தரங்கக் கட்டுரை. தேநீர் வரும்வரை யாரும் விழித்திருக்க மாட்டார்கள்.]

மூன்றாவது: என் அக்கா அருங்காட்சியகத்தில் குறிப்பு எழுதுகிறாள்.

இது நிற்கிறது. இங்கிருந்தே போவோம்.

2

பூட்டு, சீப்பு, தராசு என்று பழைய வீட்டுச் சாமான்கள் இருக்கும் கூடம் அவளுடையது. ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் உள்ளங்கை அளவில் ஓர் அட்டை இருக்குமே, நீங்கள்கூடப் படிக்காமல் நகர்ந்துவிடுவீர்களே, அதுதான் அவள் எழுதுவது. ஓர் அட்டைக்கு அறுபது சொல். அறுபத்தொன்றாவது சொல்லை இருபத்திரண்டு வருடமாக அவள் எழுதியதில்லை. எழுதியதைப் பேழை முன்னால் நின்று வாய்விட்டுப் படிப்பாள். மூச்சு வாங்கினால் வெட்டுவாள். 'அழகிய' என்ற சொல் மட்டும் அவளுக்கு ஆகவே ஆகாது.

"கண்ணாடிக்குள்ளதானே இருக்கு? அழகா இல்லையான்னு பாக்கிறவங்களுக்குத் தெரியாதா?"

என் கதைகளும் அவள் கைபட்டுத்தான் அச்சுக்குப் போகும். என் முதல் நாவல் எழுநூறு பக்கம். அவளிடமிருந்து திரும்பி வந்தபோது அது சிறுகதை.*

* விமர்சகர்கள் அதன் செறிவைப் பாராட்டினார்கள். நானும் அடக்கமாகத் தலையாட்டி வைத்தேன்.

[ஒரு சந்தேகம். அக்காவை இவ்வளவு சுத்தமாக எழுதினால் யார் நம்புவார்கள்? பாத்திரத்துக்கு ஒரு குறை வேண்டும். சேர்க்கிறேன்: அவள் தம்பியை நம்புவாள்.]

3

ஒரு நாள் இயக்குநர் எல்லோரையும் கூட்டி ஓர் அறிக்கை வாசித்தார். 'பண்பாட்டின் நாடித்துடிப்பைத் தொழில்நுட்பத்தின் கரங்களில்' என்று தொடங்கியது. அதை யார் எழுதினார் என்று நான் சொல்லப்போவதில்லை. யார் எழுதவில்லை என்று வேண்டுமானால் சொல்லலாம்: இயக்குநர்.

"யாரையும் வேலையை விட்டு எடுக்கல," என்றார். உண்மைதான். வேலையைத்தான் எடுத்தார். இனி அட்டைகளை இயந்திரம் எழுதும். அது எழுதுவதைச் சரிபார்க்க ஒருவர் போதும். இருக்கிற ஐந்து பேரும் அந்த ஓர் இடத்துக்கு விண்ணப்பிக்கலாம். பாரபட்சம் கூடாது பாருங்கள், அதனால் விண்ணப்பங்களைப் படிப்பதும் இயந்திரம்தான். அதாவது, தன்னை மேற்பார்வை பார்க்கப்போகிறவரை அதுவே தேர்ந்தெடுக்கும். மருமகள் போய்த் தனக்கு மாமியார் பார்த்துவிட்டு வருவது மாதிரி.

விண்ணப்பத்தோடு 'என் பண்பாட்டுப் பயணம்' என்று இரண்டாயிரம் சொல்லில் ஒரு கடிதம் வேண்டும். கடைசியில் ஒரு கட்டம்: 'இக்கடிதம் ஒரு மனிதரால் எழுதப்பட்டது.' பிறர் உதவி பெறலாம். அந்தப் பிறரும் மனிதராக இருக்க வேண்டும்.

அக்கா மூன்று நாள் மல்லுக்கட்டினாள். பிறகு தன் அழகிய கையெழுத்தில் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். மொத்தம் முப்பத்து மூன்று சொல்.

"இதுக்கு மேல என்னைப் பத்திச் சொல்ல ஒண்ணும் இல்லடா. நீதான் ஒண்ணுமில்லாததை முந்நூறு பக்கம் இழுப்பியே. கொஞ்சம் இழுத்துக் குடு."

4

[இந்தப் பகுதியை நான்கு முறை எழுதினேன். ஒன்றில் எனக்குக் கடும் காய்ச்சல். இன்னொன்றில் என் நாவலின் உச்சக்கட்டம், நான் வேறோர் உலகத்தில். எல்லாம் புளுகு.]

நடந்தது இது. மதியம் சாப்பிட்டேன், கண்ணைச் சுழற்றியது. அக்காவின் முப்பத்து மூன்று சொல்லையும் இயந்திரத்திடம் கொடுத்து, இரண்டாயிரமாக்கு என்றேன். நான் கொட்டாவி விட்டு வாயை மூடுவதற்குள் ஆக்கிவிட்டது. 'பண்பாட்டின் நாடித்துடிப்பை என் விரல் நுனிகளில் உணர்ந்த அந்த முதல் கணம்...' அதைப் படித்தபோது எனக்கும் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் தூக்கம் அதைவிட அதிகமாக இருந்தது.

எதையும் மூன்று முறை படிக்கிற அக்கா, இதை மட்டும் படிக்கவில்லை.

"என்னைப் பத்தின பெருமையை நானே உக்காந்து எப்படிடா படிக்கிறது? கூச்சமா இருக்கு. நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்."

கட்டத்தில் டிக் போட்டாள், அனுப்பினாள். ஒன்பதாம் நாள் பதில் வந்தது. கடிதம் மனிதரால் எழுதப்பட்டதாகத் தெரியவில்லை. பொய்யான உறுதிமொழி அளித்ததால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.*

* இப்போது பட்டியலில் முதலில் இருப்பவரின் கடிதத்தில் பதினோரு எழுத்துப்பிழை. பிழை கலந்து எழுதித் தரும் செயலி ஒன்று இருக்கிறதாம். இயந்திரத்துக்கு அதில் மனித வாசம் அடித்திருக்கிறது.

இயந்திரம் தப்புச் செய்யும், அதை நான்கு வார்த்தை திட்டலாம் என்றுதானே இந்தக் கதைக்குள் வந்தீர்கள்? நானும் அப்படித்தான் வந்தேன். பாழாய்ப்போனது, அக்கா விஷயத்தில் சரியாகச் சொல்லித் தொலைத்துவிட்டது.

அக்கா ஆடித் தீர்த்தாள். "என் தம்பி எழுதினதைப் போய் மிஷின் எழுதினதுன்னு சொல்லுது, சனியன்! வேலை போனாக்கூடப் போகட்டும்டா. இத்தனை வருஷத்துல என்னை யாரும் பொய்க்காரின்னு சொன்னதில்ல. நான் விட மாட்டேன்."

மேல்முறையீடு செய்தாள். அதற்குத்தான் திங்கட்கிழமை, பதினொரு மணி. சாட்சி, நான்.

என் மனைவிக்கு விஷயம் தெரியும். "அண்ணிகிட்ட சொல்லிட்டீங்களா?" என்றாள்.

"சொல்லணும்."

"திங்கக்கிழமைக்கு முன்னாடியா, பின்னாடியா?"

5

முடிவு, முதல் வடிவம். "ஆமாம், நான்தான் எழுதினேன்," என்கிறேன். அக்காவுக்கு வேலை கிடைக்கிறது. சந்தோஷத்தில் அந்தக் கடிதத்தை எடுத்து ஒரு நாள் படித்தும் பார்க்கிறாள். என் எழுத்தை எழுநூறு பக்கம் வெட்டியவள் அவள். முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவாள்.

இரண்டாம் வடிவம். நான் எழுந்து, இயக்குநரின் அறிக்கையையும் கடிதத்தையும் அடுத்தடுத்து வாசிக்கிறேன். இரண்டிலும் அதே நாடித்துடிப்பு. இயக்குநர் முகம் வெளுக்கிறது. அறையே கைதட்டுகிறது. [கைதட்டலை நானே எழுதிக்கொண்டேன். இயக்குநர் முகம் வெளுத்தால் என்ன, கறுத்தால் என்ன? அக்காவின் பெயருக்கு நேரே 'பொய்யான உறுதிமொழி' என்று எழுதியிருப்பது அப்படியேதான் இருக்கும்.]

மூன்றாம் வடிவம். "இல்லை, நான் எழுதவில்லை," என்கிறேன். பக்கத்தில் அக்கா மெல்லத் திரும்பி என்

[இந்த வாக்கியம் இதற்கு மேல் நகரவில்லை.]

அக்கா கொடுத்த தாள் இன்னும் என் மேசையில் இருக்கிறது. அதை இங்கே அப்படியே வைக்கிறேன்:

'இருபத்திரண்டு வருடங்களாக இங்கே குறிப்பு எழுதுகிறேன். பூட்டு, சீப்பு, தராசு, விளக்கு. தெரியாததைத் தெரியாது என்று எழுதியிருக்கிறேன். யாரோ ஒருவர் தினமும் தொட்ட பொருள் என்பதை மறந்ததில்லை. பார்வையாளர் குனிந்து படிப்பார்கள். அதனால் சுருக்கமாக எழுதுவேன். இந்த வேலை எனக்குப் பிடிக்கும். தொடர்ந்து செய்ய விரும்புகிறேன்.'

இதை அப்படியே அனுப்பியிருந்தால், சொல் போதவில்லை என்று இயந்திரம் தள்ளியிருக்கும். பொய்க்காரி என்று சொல்லியிருக்காது. இதைக் கையில் வைத்துக்கொண்டு தூங்கப் போனேனே என்று நினைத்தால் எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வருகிறது.

6

இந்த மாதிரிக் கதைகளில் எழுத்தாளர் இந்த இடத்தில் நைசாக நழுவி, முடிவை உங்கள் கையில் கொடுத்துவிடுவார். எனக்கும் அதைவிட வேறு வழி தெரியவில்லை. மூன்று வடிவம் இருக்கிறது, எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு சிக்கல். வழக்கப்படி இது முதலில் அக்காவிடம் போக வேண்டும். நேரில் சொல்லத் துப்பில்லாத தம்பி வேறு எப்படிச் சொல்வான்? சனிக்கிழமை காலை அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, அவள் குளித்துவிட்டு வருவதற்குள் ஓடி வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் திரும்பி வந்தது. கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், பென்சிலில்:

[மூணாம் பகுதில ஒரு 'அழகிய' இருக்கு. எடு. அந்த ரெண்டாயிரத்தை நேத்துதான் படிச்சேன். அது நான் இல்ல. ஆனா கட்டத்துல டிக் போட்டது என் கைதான்; படிக்காமப் போட்டேன், அது என் தப்பு. முடிவைக் கொண்டுபோய் வாசகர் தலையில கட்டாத, அவங்க என்ன பாவம் பண்ணாங்க? நாளைக்குப் பத்தரைக்கே வந்துடு. உள்ள போய் என்ன சொல்லப் போறியோ, அறுபது சொல்லுக்குள்ள சொல்லு.]