ஓரியூர் மண்

மிக்கேலம்மாளுக்குப் புத்தர்மேல் பொறாமை. தங்கச்சிமடத்தில் இருந்தவரை அவளுக்கு அவர் நினைப்பே கிடையாது. தாய்லாந்துக்குப் போய், மகன் பிரிட்டோவை அவர் முன்னால் பார்த்த பிறகுதான் வயிறு எரிந்தது.

இறால் கம்பெனி வேலைக்கென்று போனவன், அங்கேயே மாலி என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டான். கட்டட்டும். நல்ல பெண்தான், தமிழில் கற்றுக்கொண்ட ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு அத்தை அத்தை என்று பின்னாலேயே சுற்றுகிறது. ஆனால் இவன் மாதாவையும் பூசையையும் மறந்துவிட்டானே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. எப்படியாவது திருப்பிவிட வேண்டும் என்றுதான் விமானம் ஏறினாள். கையோடு ஓரியூர் செம்மண்ணைச் சுருக்குப்பையில் கட்டி எடுத்துப்போனாள். பிள்ளையில்லாமல் தவித்த காலத்தில் அருளானந்தர் கோயிலில் அள்ளி நெற்றியில் பூசிய மண் அது. அப்படிப் பிறந்தவன் என்பதால் பிரிட்டோ என்று அந்தப் புனிதரின் வெள்ளைக்காரப் பெயரையே வைத்தாள்.

"நெத்தியில வச்சுக்கய்யா."

"பெறகு வச்சுக்கிறேன்மா" என்று பையை அலமாரியில் வைத்தான். அது அங்கேயே கிடந்தது.

சித்திரை பிறந்தது. அவர்களுக்கும் அன்றுதான் வருசப்பிறப்பாம். மூவரும் புத்தர் கோயிலுக்குப் போனார்கள். ஊரில் பூசை நேரத்தில் வேப்பமரத்தடியில் போனை நோண்டிக்கொண்டு நின்ற பயல், இங்கே காலை மடித்து உட்கார்ந்து கண்ணை மூடினான், திறக்கவே இல்லை. முட்டி வலித்து அவள் காலை நீட்டினாள்.

"கால மடக்கும்மா. சாமி பக்கம் நீட்டக் கூடாது."

சாமியாம்ல சாமி என்று மனசுக்குள் கறுவினாள். தங்கம் பூசிய அந்த முகத்தை முறைத்தாள். கண்ணீரும் கம்பலையுமாக ஓரியூருக்கு நடந்தது நானு. நீரு இருந்த எடத்துல இருந்துக்கிட்டே எம் புள்ளைய வாங்கிக்கிட்டீரே.

வெளியே முற்றத்தில் ஆளாளுக்கு வாளியில் மணல் கொண்டுவந்து சின்னச் சின்னக் கோபுரமாகக் குவித்துக்கொண்டிருந்தார்கள். மாலியும் ஒன்று குவித்தாள். பிறகு தோள்பையிலிருந்து அந்தச் சுருக்குப்பையை எடுத்து அவிழ்த்தாள். மிக்கேலம்மாள் எட்டிப் பிடிப்பதற்குள் ஓரியூர் மண் வெள்ளை மணல்மேல் விழுந்துவிட்டது.

"ஏலே, என்ன காரியம்டா பண்றா உம் பொண்டாட்டி?"

பிரிட்டோவும் பதறி மாலியிடம் கேட்டுவிட்டு அம்மா பக்கம் திரும்பினான். "வருசம் பூரா கோயில் மண்ணு நம்ம கால்ல ஒட்டி வெளிய போயிருதுல்ல, அதுக்குப் பதிலா இன்னைக்குக் கொண்டாந்து போடுவாகம்மா. நீ மண்ணு கொண்டாந்தது அதுக்குத்தான்னு நெனச்சுட்டா. உம் பேருல போட்டிருக்கா."

மிக்கேலம்மாள் குனிந்து அள்ளப் பார்த்தாள். இரண்டும் கலந்து போயிருந்தது. பிரிட்டோ பக்கத்தில் மண்டிபோட்டு, சிவப்பாகத் தெரிந்ததையெல்லாம் கிள்ளிக் கிள்ளிக் கைக்குட்டையில் சேர்த்தான். வெயிலுக்கு வேர்த்து ஊற்ற, அந்தக் கையாலேயே நெற்றியைத் துடைத்தான். சிவப்பு ஒட்டிக்கொண்டது. அத்தனை கெஞ்சியும் ஏறாத மண், புத்தர் வாசலில் வைத்து ஏறியிருக்கிறது. அவளுக்குச் சந்தோசமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

தங்கச்சிமடம் திரும்பி வாசலில் செருப்பைத் தட்டினாள். உள்ளிருந்து வெள்ளை மணல் உதிர்ந்தது. விளக்குமாற்றை எடுத்தவள் யோசித்தாள். கூட்டி எடுத்து, காலியாய்க் கிடந்த சுருக்குப்பையில் கட்டிவிட்டு மகனுக்கு போன் போட்டாள்.

"அவுக கோயில் மண்ணு எங்கிட்ட வந்துருச்சுய்யா. அடுத்த சித்திரைக்கு நானே கொண்டாந்து போட்டுர்றேன்னு மாலிகிட்டச் சொல்லு."

"அவளும் அதத்தாம்மா சொல்றா. கைக்குட்டையில கெடக்குறது ஓரியூர் மண்ணாம், அங்கன போயி போட்டாத்தான் ஆகுமாம். டிக்கெட் போட்டாச்சு, கிறிஸ்மஸுக்கு வாரோம்."

மகன் ஓரியூருக்கு வருகிறான், அவள் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அதையும் அந்தக் கோயில் வழக்கமல்லவா வாங்கிக் கொடுத்தது.

சுருக்குப்பையை அருளானந்தர் படத்துக்குப் பின்னால், அவர் கண்ணில் படாமல் ஒளித்தாள். "நீரும் பொறாமப்படாதேயும். நான் பட்டது போதும்" என்றாள்.